புடலைப் பந்தலும் பாகல் வேலியும்

பாகல் விதையை வாயிலிருந்து துப்பிவிட்டுப் போனால்கூட முளைத்துவிடும். புடலைக்கு ஒரு ஆள் வேண்டும். திருவொற்றியூரில் அந்த இரும்பு வார்ப்பட ஆலையின் லைன் வீடுகளில் கடைசி இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். சுப்புராயன் பாகல் போட்டிருந்தான். மாரியப்பன் புடலை போட்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே உலையில் வேலை, ஒரே குழாயில் தண்ணீர், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பின்பக்கம் காம்பவுண்டு வரைக்கும் கிடந்த மணல் துண்டை, காய்கறி போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனியே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. அரிசிக்கு ரேஷன் இருந்த காலம் அது.

கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, உப்பு. பாகல் அதையும் குடித்துக்கொண்டு வேலி மேல் ஏறிற்று. சுப்புராயன் அதற்குப் பந்தல் கட்டவில்லை. பிஞ்சில் ஈ குத்தாமல் இருக்கப் பழந்துணியைச் சுற்றிவிடுவான், அதுவும் நினைவு வந்தால். மாரியப்பனோ உலையிலிருந்து வந்த கையோடு குழாயடியில் வரிசை நின்று புடலைக்கு நல்ல தண்ணீராகச் சுமப்பான். அடுப்புச் சாம்பலைச் சலித்து வேரடியில் போடுவான். தலைக்கு மேல் உயரத்தில் மூங்கில் பந்தல். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிப் பக்கக் கொடி விடச் செய்தான். சாயங்காலத்தில் நூல் பிரித்த மாதிரி வெள்ளைப் பூ விரியும்போது பந்தலடியில் பாயைப் போட்டு மல்லாந்துகொள்வான். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் அதன் வாலில் சணல் கயிற்றால் செங்கல் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவான். கட்டாவிட்டால் புடலை சுருண்டுகொள்ளும். கட்டினால் தூண் மாதிரி இறங்கும்.

சுப்புராயன் முகம் பூராவும் சின்ன வயசு அம்மையின் தழும்பு.

“இன்னா மாமு,” என்று மாரியப்பன் ஒருநாள் குழாயடியில் வைத்துக் கேட்டான், “உன் மூஞ்சியப் பாத்து உன் காய் அப்பிடி காய்ச்சுதா, உன் காயைப் பாத்து மூஞ்சி அப்பிடி ஆச்சா?”

லைன் முழுக்கச் சிரித்தது. மாரியப்பன் பெண்டாட்டி முத்தம்மா இடுப்புக் குடம் தளும்பத் தளும்பச் சிரித்தாள். சுப்புராயனும் சிரித்தான். வேறு என்ன செய்வது? அன்றைக்கே அது ஆலைக்குள் போய்விட்டது. அடுத்த நாள் போர்மேன் சங்கரநாராயணன், “டேய் பாவக்கா, கரித்தூள் கொண்டா” என்று கூப்பிட்டபோது அதுவே அவன் பேராகிவிட்டது.

அந்தச் சிரிப்பை அவன் மறந்தாலும் மறந்திருப்பான். ஆனால் ஆவணி கடைசியில் போர்மேன் இரண்டு பேரையும் உலைக்கு முன்னால் நிறுத்திச் சொன்னார்:

“ராத்திரி ஷிப்டை நிறுத்தப் போறாங்க. இந்த உலைக்கு இனிமே ஒரு ஆள் போதும். யாருன்னு தீபாவளி கழிச்சுச் சொல்றேன்.”

வேலை போனால் லைன் வீடும் போகும். சுப்புராயன் பெண்டாட்டி பச்சையம்மா அப்போது மாசமாக இருந்தாள்.

போர்மேன் வீட்டுக்கு எல்லோரும் எதையாவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர்கள் மீன் தொடாதவர்கள். அதனால் விறகோ காயோதான். சுப்புராயன் ஒரு கூடைப் பாகற்காயை, ஒவ்வொன்றும் பச்சைப்பசேலென்று, பார்த்துப் பறித்துக்கொண்டு போனான். போர்மேன் சம்சாரம் வாங்கிக்கொண்டாள். அவன் தெருமுனை திரும்புவதற்குள், “இந்தக் கசப்பை யாரு திங்கறது, மாட்டுக்குப் போடு” என்ற குரல் கேட்டது. மாடும் தின்னவில்லை. நாலைந்து நாளில் அந்தக் காயெல்லாம் சாக்கடை ஓரத்தில் பழுத்து வாயைப் பிளந்து கிடந்தது.

மாரியப்பன் ஒரே ஒரு புடலங்காயைத் தோளில் சாத்திக்கொண்டு போனான். போர்மேன் வாசலிலேயே அதைத் தன் தோளோடு வைத்து அளந்து பார்த்தாராம். “என்னவிட ஒசரமா வளத்திருக்கியேடா” என்றாராம். இதை முத்தம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, யாருக்கோ சொன்னாள்.

“நம்ம கதை முடிஞ்சிது,” என்றாள் பச்சையம்மா.

“முடியல,” என்றான் சுப்புராயன்.

செங்கல் துண்டில் ஒரு தொந்தரவு உண்டு. ஒன்று கனமாக இருக்கும், ஒன்று லேசாக இருக்கும். கனம் கூடினால் காய் வாலோடு அறுந்து விழும். அப்படி இரண்டு காய் விழுந்த அன்றைக்கு சுப்புராயன் வேலியோரம் வந்து நின்றான்.

“மாரி, கல்லு கட்டி ஏன் பேஜாரு பண்ணிகினு கீற? இரும்பு நட்டு கட்டு. ஒரே எடை. நம்ம பட்டறையில எத்தினி கெடக்குது.”

“கம்பெனி சாமானா? துருவைக்கூடத் தொட மாட்டேன் நைனா,” என்றான் மாரியப்பன். “கேட்டுல பக்ருதீன் சோத்துத் தூக்கைக்கூடத் தொறந்து பாக்கறாரு. நீ வேற.”

அவன் தொட மாட்டான் என்பது சுப்புராயனுக்குத் தெரியும். அதனால் தானே தொட்டான். மத்தியானக் கூழில் கொஞ்சம் மிச்சம் வைத்து, தூக்கின் அடியில் நான்கைந்து நட்டாகப் போட்டு, மேலே கூழை ஊற்றி மூடினான். கேட்டில் காவல்காரர் பக்ருதீன் மூடியைத் திறந்து பார்த்து, “சாப்புடலியா?” என்று கேட்டார். “வயிறு சரியில்ல பாய்” என்றான். அவர் தூக்கை லேசாக ஆட்டிப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். போ என்று கையை அசைத்தார். இப்படியே அந்த வாரம் பூராவும்.

பிறகு நட்டுகளைக் கழுவித் துணியில் முடிந்து, மாரியப்பன் இல்லாத நேரமாகப் பார்த்து முத்தம்மாவிடம் கொடுத்தான்.

“வண்ணாரப்பேட்டை பழைய இரும்புக் கடையில வாங்கினேம்மா. எனக்கு எதுக்கு, பாகலுக்குக் கல்லும் வேணாம் மண்ணும் வேணாம். உன் புடலைக்குக் கட்டு. அன்னிக்கு அறுந்து வுழுந்ததப் பாத்து எனக்கே மனசு கேக்கல.”

முத்தம்மா நட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். “சிரிச்சதெல்லாம் மனசுல வெச்சுக்காதண்ணே,” என்றாள்.

அன்று சாயங்காலம் மாரியப்பன் வந்து, முத்தம்மா பிஞ்சுகளில் கட்டிவிட்டிருந்ததைப் பார்த்தான். ஒவ்வொரு நட்டின் பக்கத்திலும் பச்சைப் பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. கம்பெனி சாமான் எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருக்கும். அவன் வேலியோரம் வந்து கூப்பிட்டான்.

“கோடு கீதே, சுப்பு.”

“ஏலத்துல வித்த கழிவுல கோடு இருக்காதா? வண்ணாரப்பேட்டை பூரா நம்ம கம்பெனி கழிவுதான். வேணாம்னா குடுத்துடு, எடைக்குப் போட்டுடறேன்.”

கம்பெனி ஏலம் விடுவது உண்மைதான். மாரியப்பன் திரும்பிப் பந்தலைப் பார்த்தான். பிஞ்சுகள் ஒரே எடையில், ஒரே நேராக, வரிசையாகத் தொங்கின. நட்டு ஆடாமல் நின்றது. அவன் கை ஒரு கயிற்றின் முடிச்சு வரைக்கும் போனது. பிறகு கீழே இறங்கிவிட்டது. அழகாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சுப்புராயன் போர்மேன் வீட்டுக்குப் போய், “ஐயா ஒருதபா எங்க தோட்டத்தை வந்து பாக்கணும். மாரியப்பன் புடலை லைனுக்கே பெருமை” என்றான். எதிராளியைப் புகழ்கிறானே என்று போர்மேன் கொஞ்சம் அதிசயித்திருப்பார். வந்தார். லைன் ஆட்களெல்லாம் வெளியே வந்து நின்றார்கள். முத்தம்மா தலையைச் சீவிக்கொண்டு, திண்டாடித் திண்டாடி ஒரு நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டாள்.

போர்மேன் பந்தலுக்கு அடியில் நடந்தார். ஒரு காயைத் தடவினார். இன்னொன்றைத் தட்டினார். “இவன் கை ராசி,” என்றார். “வெள்ளைக்காரன் தோட்டத்துலகூட இப்படி நேரா பார்த்ததில்ல.” மூன்றாவது காயின் வாலில் தொங்கிய நட்டு அவர் மூக்குக்கு நேரே இருந்தது. அவர் பார்க்கவில்லை. காயைத்தான் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நின்றால் அங்கேயே மாரியப்பனுக்கு வேலை என்று சொல்லிவிடுவார் போல இருந்தது.

“ஐயா,” என்றான் சுப்புராயன். அவன் குரல் அவனுக்கே யாரோ பேசுவது மாதிரி கேட்டது. “வால்ல கட்டிகினு கீறதப் பாருங்கய்யா.”

போர்மேன் காயின் வாலைப் பிடித்தார். நட்டைத் திருப்பினார். பச்சைக் கோடு வெயிலில் தெரிந்தது. அடுத்ததைத் திருப்பினார். அதற்கடுத்ததையும்.

“மாரியப்பா, இது என்னடா?”

மாரியப்பன் வாய் திறப்பதற்குள் முத்தம்மா முன்னால் வந்தாள். “சுப்புராயன் அண்ணன்தாங்க குடுத்தாரு. பழைய இரும்புக் கடையில வாங்கினேன்னு. நீயே சொல்லுண்ணே!”

லைன் மொத்தமும் சுப்புராயனைப் பார்த்தது. அவன் பச்சையம்மாவைப் பார்த்தான். அவள் வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவ வயித்துல கீற என் புள்ளை மேல சத்தியம்யா. நான் ஒண்ணும் குடுக்கல.”

பச்சையம்மா உள்ளே போய்விட்டாள்.

போர்மேன் சுப்புராயனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டோரம் ஏதோ அசைந்தது. பிறகு மாரியப்பனிடம் திரும்பி, “போலீசுக்குப் போனா உள்ள தள்ளிடுவான். சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணிட்டுப் போ,” என்றார். “அதுக்கு முன்னாடி கம்பெனி சாமானை நீயே அவிழ்த்துக் கொண்டாந்து கேட்டுல ஒப்படை. கையில இல்ல. கழுத்துல.”

மாரியப்பன் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். அவசரத்தில்கூட ஒரு காயையும் அவன் கன்றவிடவில்லை, இடது கையால் வாலைத் தாங்கிக்கொண்டுதான் முடிச்சைப் பிரித்தான். எல்லா நட்டையும் ஒரு சணலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு லைன் நெடுக நடந்தான். நட்டும் நட்டும் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே போனது. யாரோ ஒருத்தன், “மாப்ள மாலை போட்டுகினு போறாரு” என்றான். அதற்கும் லைன் சிரித்தது. சுப்புராயன் சிரிக்கவில்லை. ஆனால் நன்றாக இருந்தது அவனுக்கு.

போகும்போது முத்தம்மா பந்தல் மூலையில் விதைக்கென்று விட்டிருந்த ஒரு முற்றின காயை மட்டும் அறுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

வேலை சுப்புராயனுக்கு வந்தது. கூடவே பந்தலும் வந்தது.

“அதையும் நீயே பாத்துக்க,” என்றார் போர்மேன். “வாரம் ரெண்டு காய் வீட்டுக்கு வந்துடணும்.”

முதலில் இருந்த காய்கள் போய்ச் சேர்ந்தன. பிறகு வந்த பிஞ்சுக்கு அவன் கைக்குக் கிடைத்த கல்லைக் கட்டினான். பாதி அறுந்து விழுந்தது, மீதி சுருண்டது. குழாயில் வரிசை நிற்கச் சோம்பிக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினான். இலை ஓரம் கருகிற்று. பாகலோ அவன் திரும்பியே பார்க்காத நேரத்தில் வேலியைத் தாண்டிப் புடலைப் பந்தலிலேயே ஏறி, காய்த்து, யாரும் பறிக்காமல் பழுத்து, வெடித்து, சிவப்பு விதையைப் பந்தலடியெல்லாம் உதிர்த்துக்கொண்டிருந்தது. தை பிறந்தபோது புடலைக்கொடி காய்ந்த கயிறாகத் தொங்கிற்று. வெறும் சணல் சுருக்குகள் மட்டும் பந்தலில் ஆடின.

போர்மேன் அவனை உலையோரம் கூப்பிட்டார்.

“காய் நின்னு போச்சே?”

“பருவம் முடிஞ்சு போச்சுங்கய்யா.”

“புதுசா போடு. டேய், அந்த நட்டை யாரு கொண்டு போனான்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கியா? பக்ருதீன் தூக்கை ஆட்டிப் பார்த்ததை அன்னிக்கே சொல்லிட்டான். எனக்கு ஒருத்தனை அனுப்பணும், அனுப்பினேன். இன்னொருத்தனை அனுப்பறது பெரிய வேலை இல்ல. எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் வேலைக்கு நிக்கறான். சித்திரைக்குள்ள கொடி பந்தல் ஏறலைன்னா அவன் ஏறிடுவான்.”

சுப்புராயனிடம் ஒரு புடலை விதைகூட இல்லை. இருந்த காயையெல்லாம் போர்மேன் வீட்டுக்கே அறுத்துக் கொடுத்திருந்தான். கொத்தவால்சாவடி மார்க்கெட்டில் கேட்டுப் பார்த்தான். கிடைத்தது குட்டைப் புடலை விதை. அது முழ நீளத்துக்கு மேல் வராது. அந்த நெட்டைப் புடலை விதை ஒரே இடத்தில்தான் இருந்தது.

ராயபுரத்தில், துறைமுகக் கேட்டுக்குப் போகிற வழியில், முத்தம்மா வாணலியில் மணலைக் காயவைத்துக் கடலை வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு குடிசை. அவனைப் பார்த்தும் கரண்டி நிற்கவில்லை.

“வாண்ணே. அண்ணி எப்பிடி கீது? புள்ளை பொறந்துச்சா?”

“பொண்ணு.”

“நீ சத்தியம் பண்ணின புள்ளை. நல்லா கீதா?”

“கீதும்மா. விதை ஒரு கை குடுத்தீன்னா… என் வேலை அதுல தொங்கிகினு கீது.”

அப்போதுதான் மாரியப்பன் நிலக்கரிக் கப்பலிலிருந்து வந்தான். பல்லையும் கண்ணையும் தவிர எல்லாம் கறுப்பு. சுப்புராயனைப் பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்தான். அடிப்பான் என்று சுப்புராயன் நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

“கொடி செத்துப் போச்சா?” என்று கேட்டான்.

“போச்சு.”

“கெணத்துத் தண்ணிய ஊத்தியிருப்ப.”

“ஆமா.”

மாரியப்பன் தலையை ஆட்டினான். பிறகு அவன் பேச ஆரம்பித்தான். அவனால் பேசாமல் இருக்க முடியவில்லை போல. “பாகல் தெருநாய், சுப்பு. கல்லால அடிச்சாலும் உன் வாசல்ல வந்து படுக்கும். புடலை அப்பிடி இல்ல. விதையை ஒருநாள் சாணித் தண்ணியில ஊற வெக்கணும், மேல் தோலு கெட்டி. குழி எடுத்து மக்கின எருவைப் போடு. வெய்ய காலத்துல காலையில ஒருதபா, சாயங்காலம் ஒருதபா, நல்ல தண்ணி. பாகலுக்கு அவ்ளோ தண்ணி வுட்டா அழுகும், இதுக்கு வுடலன்னா பூ கொட்டும். எலையத் தேச்சா நாத்தம் அடிக்கும், அருவருப்பு படாத. பாகல் எலை மாதிரி பிளவு ஆழமா இருக்காது…”

முத்தம்மா எழுந்து குடிசைக்குள் போய் ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தாள். அவர்களுக்கு முதுகைக் காட்டி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். கரண்டி மணலில் மெதுவாக உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு கருகல் வாசனை, கடலை வாசனை இல்லை, லேசாக எழுந்தது. மாரியப்பனின் மூக்கு ஒருதரம் விரிந்தது. அவன் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. பந்தல் எவ்வளவு உயரம், நுனியை எப்போது கிள்ளுவது, எந்தப் பிஞ்சுக்குக் கல் கட்டுவது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

முத்தம்மா விதையை மந்தார இலையில் மடித்துச் சுப்புராயன் கையில் வைத்தாள். கைக்குச் சூடாக இருந்தது.

“அடுப்படியில வெச்சிருந்தேண்ணே, பூச்சி புடிக்காம,” என்றாள்.

சுப்புராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க நல்லா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு லைனுக்குத் திரும்பும் வழியில் டோல்கேட் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

சொன்னபடியே எல்லாம் செய்தான். ஊற வைத்தான், குழி எடுத்தான், எரு போட்டான், குழாயடியில் வரிசை நின்றான். வாழ்க்கையில் அவன் எதையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. சில நாள் கழித்துப் பந்தலடியில் முளை வளைந்து எட்டிப் பார்த்தது. ஒன்று, இரண்டு, குழியைச் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு. ஆலைக்கு ஓடி, “முளைச்சுடுச்சுங்கய்யா!” என்றான்.

“நல்லது. எங்க வீட்ல சொல்லிடறேன்,” என்றார் போர்மேன்.

மூன்றாவது இலை விரிந்தபோது சுப்புராயன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். இலை விரல் விட்ட மாதிரி ஆழமாகப் பிளந்திருந்தது. சின்னச் செடிதானே, போகப் போகச் சரியாகும் என்று நினைத்தான். ஒரு இலையைக் கிள்ளித் தேய்த்தான். நாற்றம் இல்லை. நாக்கில் வைத்தான்.

கசந்தது.

அடுத்த செடியைக் கிள்ளினான். அதுவும் கசந்தது. எல்லாம் அவனுடைய பாகல்தான். யாரும் கூப்பிடாமல், உதிர்ந்த இடத்தில் தானே வந்திருந்தது. இத்தனை நாள் நல்ல தண்ணீரை அதற்குத்தான் சுமந்திருக்கிறான்.

விரலால் குழியைத் தோண்டினான். விதைத்த இடத்திலேயே புடலை விதைகள் அப்படியே கிடந்தன, ஊறிப்போய், கறுத்து. அன்றைக்கு மந்தார இலையின் மடிப்பில் சிக்கி நின்றுபோன ஒரே ஒரு விதை மாடத்தில் இருந்தது ஞாபகம் வந்தது. எடுத்துப் பல்லில் கடித்தான். மொறுக்கென்று உடைந்தது. உள்ளே பருப்பு பழுப்பாக இருந்தது.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போர்மேன் குரல் கேட்டது. “என்னடா பாவக்கா, கொடி ஏறுதா?”

“ஏறிகினு கீதுங்கய்யா,” என்றான்.

பச்சையம்மா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்வாசலில் நின்றிருந்தாள். சத்தியம் செய்த நாளிலிருந்து அவள் அவனிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அவன் உள்ளங்கையிலிருந்த மிச்சத்தை எடுத்து மோந்து பார்த்தாள்.

“பதமா வறுத்து கீறா,” என்றாள். “மணல்ல போட்டது.”

பிறகு குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், பரணிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.